கொக்குவில் சைக்கிள் கடை: ட்ரயல்ஸ் பிரேமுக்கு பொட்டம் பிராக்கெட் பூட்டுறதெண்டா இஞ்ச குடுங்கோ

முதலே சொல்லிடுறன், கடைக்கு போர்டு இல்லை, பேரும் இல்லை, மப்பில தேடினாலும் வராது. கொக்குவில் சந்தியில இருந்து ஸ்டேசன் பக்கம் திரும்பிப் போகேக்க ஒரு தகரக் கொட்டில், முன்னுக்கு பழைய ரிம் எல்லாம் கம்பியில கோத்துத் தூங்கும், உள்ள ஒரு ஐயா வாங்கில இருந்து வேலை செய்துகொண்டிருப்பார், ஆரைக் கேட்டாலும் காட்டுவினம். அஞ்சுக்கு நாலு குடுப்பன். அந்த ஒண்டை ஏன் வெட்டினனான் எண்டது பேந்து வரும், வேலையில குறை எண்டு மட்டும் நினைச்சிடாதேங்கோ, வேலைக்கு எண்டா அஞ்சும் குடுக்கலாம்.

ட்ரயல்ஸ் சைக்கிள் எண்டா என்னெண்டு தெரியாத ஆக்களுக்கு கொஞ்சம் சொல்லோணும், இல்லாட்டி ஒரு பிபி (பொட்டம் பிராக்கெட், பெடல் பூட்டிற கிராங்க் கை சுத்திற அச்சும் அதைத் தாங்கிற போல்ஸும்) பூட்டுறதுக்கு ஏன் இவ்வளவு எழுதிறான் எண்டு யோசிப்பீங்கள். கல்லு, கட்டு, மதில் எண்டு கால் ஊண்டாமல் துள்ளித் துள்ளிப் போற விளையாட்டு இது, மோட்டச்சைக்கிள் ட்ரயல்ஸில இருந்து பிறந்தது, ஸ்பெயின்ல கற்றலோனியாப் பக்கம்தான் முதல்ல வளந்தது, உலகப் போட்டியில 20 இஞ்சி சில்லு 26 இஞ்சி சில்லு எண்டு ரெண்டு பிரிவு இருக்கு. எங்கட பொடியளுக்கு தெரிய வந்தது 2009 இல டனி மக்கஸ்கில் எடின்பரோவில ஓடின வீடியோவாலதான். போட்டிச் சைக்கிளுக்கு சீற் இல்லை, கியர் இல்லை, பிரீவீல் பின் சில்லில இல்லாமல் முன்னுக்கு கிராங்கிலயே இருக்கும், 26 இஞ்சிக்கு அனேகமா முன்னுக்கு 18 பல்லு பின்னுக்கு 15 பல்லு. சாதாரண சைக்கிள்ல பிபி சில்லு அச்சுக்கு கீழ நிக்கும், இதில மேல நிக்கும்.

இனி யோசிச்சுப் பாருங்கோ, இருக்க சீற் இல்லாதபடியா ஆளின்ர பாரம் முழுக்க எந்த நேரமும் பெடலிலதான், பிரேக்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒரு உதை உதைச்சுத்தான் துள்ளுறது, உயரத்தில இருந்து இறங்கேக்க வாற அடி பெடல், கிராங்க், அச்சு எண்டு வந்து கடைசியா விழுறது பிபியை ரெண்டு பக்கத்தாலயும் பிரேமின்ர குழாய்க்குள்ள முறுக்கிப் பிடிக்கிற ரெண்டு கப்பிலயும் அந்தக் கப்பைப் பிடிச்சு வைச்சிருக்கிற மெல்லிய அலுமினிய மரையிலயும்தான். கப் ஒரு மயிரளவு லூசா இருந்தா முதல்ல கிறீச் கிறீச் எண்டு சத்தம் வரும், அதைக் கவனியாமல் ஓடினா கப் மரையை அரைச்சு அரைச்சு ஓட்டையைப் பெருப்பிச்சிடும், பிறகு பிரேமைத் தூக்கி எறியிறதுதான். இத்தாலியன் அளவு 36 மில்லிமீற்றருக்கு திருப்பி மரை வெட்டலாம் எண்டு சொல்லுவினம், உண்மைதான், ஆனா அதுக்கு குழாயில தடிப்பு மிச்சம் இருக்கோணும், ட்ரயல்ஸ் பிரேமில நிறை குறைக்கிறதுக்கு எல்லாத்தையும் சுரண்டி வைச்சிருப்பாங்கள், இஞ்ச அந்த வெட்டு ஆயுதத்துக்கும் எங்க போறது.

என்ர பிரேம் லண்டன்ல இருந்து மாமான்ர மகன் சூட்கேசுக்குள்ள உடுப்புக்கு நடுவில வைச்சுக் கொண்டுவந்தது, 26 இஞ்சி, வெறும் பிரேம். பிபியும் அவர்தான் வாங்கி வந்தவர், ஐசிஸ் வகைக் கார்ட்ரிட்ஜ், அதாவது வரி வெட்டின மொத்த அச்சும் போல்ஸும் ஒரே உடம்புக்குள்ள அடைச்சது, 128 மில்லிமீற்றர் அச்சு. அதைப் பூட்டக் குடுக்க முதல்ல போனது ரவுணுக்குள்ள கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்கு, பேர் வேண்டாம். நல்ல வெளிச்சம், சுவர் முழுக்க மினுங்கிற ஸ்பனர், நிக்கிற பொடியளும் நல்ல மரியாதை, "அண்ணா இது சின்ன வேலை, ஒரு சுத்து சுத்திட்டு வாங்கோ" எண்டினம். நான் போகாமல் நிண்டு பாத்தன், நல்ல காலம் நிண்டது. செயின் பக்கத்துக் கப்பை வைச்சிட்டு மணிக்கூடு சுத்திற பக்கம் திருப்பத் தொடங்கினான், அது போகாதுதானே, போகாட்டி நீட்டு ஸ்பனர் எடுத்து ஏறி நிக்கிறமாதிரி ஒரு அமத்து. கிறீசோட சேந்து மினுமினு எண்டு தூள் வருது. விடு விடு எண்டு கத்தினாப் பிறகும் "பெயிண்ட் தான் அண்ணா வருது" எண்டு சொல்லுறான். பெயிண்ட் கறுப்பு, தூள் வெள்ளி. அதுக்கும் அரைக் கூலி வாங்கினவங்கள் எண்டது தனிக் கதை.

இந்த இடத்தில ஒருக்கா நிண்டு சொல்லோணும், ஏனெண்டா பிபி பூட்டுறதில பாதிப் பிரச்சினை இதாலதான் வாறது. அனேகமான ட்ரயல்ஸ் பிரேம் பிஎஸ்ஏ அளவு, அதாவது 1.37 இஞ்சி விட்டம், இஞ்சிக்கு 24 மரை, குழாய் அகலம் 68 இல்லாட்டி 73 மில்லிமீற்றர். இடப்பக்கம் சாதாரண மரை. வலப்பக்கம், அதாவது செயின் பக்கம், எதிர் மரை, மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினாத்தான் இறுகும். ஏன் இப்பிடி எண்டா, அச்சு முன்னுக்கு சுத்தேக்க பாரம் போல்ஸுக்கு மேலால உருண்டு உருண்டு போகுது, அந்த உருளல் கப்பை அச்சு சுத்திற திசைக்கு எதிர்ப்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா நகத்தப் பாக்கும், சாதாரண மரையா இருந்தா செயின் பக்கத்துக் கப் ஓட ஓட கழண்டு வரும், எதிர் மரையெண்டா ஓட ஓட இறுகும். இத்தாலியன் வகையில ரெண்டு பக்கமும் சாதாரண மரைதான், அதாலதான் அதில வலப்பக்கக் கப் கழண்டு கழண்டு வருதெண்டு காலாகாலமா குறை சொல்லுறவை. கார்ட்ரிட்ஜில அனேகமா ஆர், எல் எண்டு அடிச்சிருக்கும், அதைப் பாத்தாலே போதும், அந்தப் பொடியன் பாக்கேல்லை.

சரி, ஐயாட்ட வருவம்.

பிரேமைக் கையில வாங்கினவர், பிபியைப் பாக்கவே இல்லை. வெளிச்சத்துக்கு நேர குழாயைப் பிடிச்சு ஒரு கண்ணை மூடிப் பாத்தார், பிறகு சுண்டு விரலை உள்ளுக்கு விட்டு நகத்தால மரையைத் தடவினார். "தம்பி, ஆர் உதுக்கு வலுக்கட்டாயமா ஏத்தினது?" நான் சொன்னன். அவர் ஒண்டும் பேசேல்லை, "வெளிவாயில ஒண்டரைச் சுத்துத்தான் போயிருக்கு, உள்ளுக்கு சுகம், நாளைக்கு வா" எண்டிட்டார். நாளைக்கு போனா அடுத்த நாள் வா எண்டார். அது இருக்கட்டும்.

அவற்ற வேலையை நான் பக்கத்தில இருந்து பாத்தனான், இதை எழுதிறதே அதுக்காகத்தான். முதல் மண்ணெண்ணெய் விட்டு பழைய பல்லுத் தூரிகையால மரையைத் தேய்ச்சு, சீலைத் துண்டால துடைச்சு, திருப்பியும் தேய்ச்சு, தூளும் பெயிண்டும் கிறீசும் ஒண்டும் இல்லையெண்டு ஆகும் வரைக்கும் விடேல்லை. பிறகு நுனி மெல்லிசான முக்கோண அரம் ஒண்டு எடுத்து, மடங்கின அந்த முதல் மரையை மட்டும் இருந்த கோட்டிலயே நிமித்தி விட்டார். அடுத்ததா பெட்டிக்குள்ள இருந்து எடுத்தது ஒரு பழைய இரும்புக் கப், எதிர் மரைக் கப், அதின்ர மரையில குறுக்கால நாலு வெட்டு வெட்டியிருக்கு, அவரே அரத்தால வெட்டினதாம். வெட்டின இடத்தில இருக்கிற விளிம்பு அலுமினியத்தைச் சுரண்டும், சுரண்டின தூள் அந்த வெட்டுக்குள்ள போய் விழும், காசு குடுத்து வாங்கிற மரை வெட்டியும் இதே வேலையைத்தான் செய்யுது.

அதிலயும் ஒரு நுட்பம். கப்பை நேர வைச்சுத் திருப்பினா வாயிலயே சரிஞ்சு பிழையான கோட்டில போகும் எண்டிட்டு, இடப்பக்கம் ஒரு நல்ல கப்பைக் கையால பூட்டி, ரெண்டு கப்புக்குள்ளாலயும் ஒரு நேர்க் கம்பியை விட்டார், அப்ப வலப்பக்கக் கப் சரிய ஏலாது, கம்பி விடாது. பிறகு அரைச் சுத்து முன்னுக்கு, கால் சுத்து பின்னுக்கு, ஒரு சொட்டு மண்ணெண்ணெய், திருப்பியும் அரைச் சுத்து. அலுமினியம் வெட்டேக்க மண்ணெண்ணெய் விடுறது லேத்துக்காரர் எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், இவருக்கு ஆர் சொன்னதெண்டு கேட்டன், "மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிளே ஓடின ஊர் தம்பி இது" எண்டார். தொண்ணூறுகளில பெற்றோலுக்கு தடை இருந்த காலத்தில யாழ்ப்பாணமே சைக்கிளிலதானே ஓடினது, புதுச் சாமான் ஒண்டும் வராது, தேய்ஞ்ச கப்பையும் தேய்ஞ்ச அச்சையும் திருப்பித் திருப்பிப் பாவிச்ச காலம், இந்தக் கை அப்ப பழகின கை. 2022 இல எண்ணெய் வரிசை நிண்ட நேரம் வாசல்ல சைக்கிள் வரிசை நிண்டதாம், அதையும் சொல்லிச் சிரிச்சவர்.

நான் கொஞ்சம் பயந்தது ஒரு விசயத்துக்கு. பழைய ரலி சைக்கிள்களின்ர கப் இஞ்சிக்கு 26 மரை, பிஎஸ்ஏ 24. கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்டுதான், மூண்டு நாலு சுத்து போகும், பிறகு இறுகும், இறுகேக்க அங்கால எல்லாம் போயிடும். எங்கட ஊர்ல ஒவ்வொரு வீட்டுக் கொட்டிலுக்குள்ளயும் ஒரு ரலி கிடந்ததெண்டபடியா பழைய கப் எண்டா பாதிக்குப் பாதி அதுதானே. கேட்க வாயெடுக்க முதலே மனுசன் அந்த இரும்புக் கப்பையும் என்ர புதுக் கப்பையும் மரையோட மரை சேத்து வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டினார், ஒண்டுக்குள்ள ஒண்டு இருக்குது, இடையில வெளிச்சம் வரேல்லை. பிறகு வேற டின்னில இருந்து ஒரு ரலிக் கப் எடுத்து வைச்சுக் காட்டினார், ஒரு ஓரம் ஒட்டுது மற்ற ஓரத்தில வெளிச்சம் தெரியுது. ரெண்டு டின் தனித்தனியா வைச்சிருக்கிறார். கண்ணாடிக் கதவுக் கடையில இப்பிடி ஒண்டு எதிர்பாக்க ஏலுமோ சொல்லுங்கோ.

குழாயின்ர முகத்தை அரம் போட்டுச் சமப்படுத்துவமோ எண்டு நான் கேட்டன், இணையத்தில எல்லாரும் அதைத்தான் கத்துறாங்கள். மூலைமட்டம் வைச்சுப் பாத்திட்டு, பெயிண்ட் படிஞ்ச இடத்தை மட்டும் சுரண்டிப் போட்டு வேண்டாம் எண்டிட்டார். சரியான முடிவுதான். போல்ஸ் குழாய்க்கு வெளியில நிக்கிற புது வகைக் கப் எண்டா முகம் சமமா இருக்கத்தான் வேணும், இது கார்ட்ரிட்ஜ், போல்ஸ் எல்லாம் ஒரே உடம்புக்குள்ள அடைச்சு வாறது, முகத்தில மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அதுக்கு கவலை இல்லை. தேவையில்லாத இடத்தில அலுமினியத்தை அராதது அவற்ற கெட்டித்தனம்.

கிறீஸ் விசயத்தில மட்டும் கஞ்சத்தனமே இல்லை. குருநகர்ப் பக்கம் போட்டுக்கு அடிக்கிற தண்ணிக்கு கரையாத கிறீஸ் ஒண்டு வைச்சிருக்கிறார், அதை மரை முழுக்க அப்பினார். எங்கட உப்புக் காத்துக்கு இது கட்டாயம், இரும்புக் கப்பும் அலுமினியப் பிரேமும் ஒட்டிக்கொண்டு இருக்கிற இடத்தில உப்பு ஈரம் போனா அரிச்சு ரெண்டும் ஒண்டாயிடும், பிறகு ஆர் வந்தும் கழட்ட ஏலாது. வருசத்துக்கு ஒருக்காவாவது கழட்டி, துடைச்சு, திருப்பிக் கிறீஸ் போட்டுப் பூட்டோணும் எண்டு சொன்னவர், நானும் அதைத்தான் சொல்லுவன். பைப்புக்கு சுத்திற வெள்ளை ரேப் சில பேர் மரையில சுத்துவினம், சத்தம் நிக்கும், உண்மை, ஆனா தேய்ஞ்ச மரையை அது பிடிச்சு வைச்சிருக்கும் எண்டு நம்பி ஏறித் துள்ளாதேங்கோ.

பிபியைப் பூட்டினது கையாலதான். வலப்பக்கம் எதிர்ப்பக்கமாத் திருப்பத் திருப்ப விளிம்பு குழாயில முட்டும் வரைக்கும் விரலாலயே போனது, ஸ்பனர் தொடேல்லை. "விரலால போகாட்டி போகக்கூடாத இடத்துக்கு போகுது எண்டு அர்த்தம் தம்பி." பிறகு இடப்பக்கக் கப், அதுவும் விரலால. அதுக்குப் பிறகுதான் டூல். இதில ஒரு கரைச்சல் இருக்கு, ஐசிஸ் அச்சு சாதாரண சதுர அச்சைவிட நல்ல மொத்தம், எங்கட கடைகளில இருக்கிற 20 பல்லு டூலில அனேகமானதின்ர ஓட்டை சின்னன், அச்சுக்கு மேலால போகாது. நான் கொண்டு போன டூல் பெரிய ஓட்டைக்காரன், தப்பினன். ஐயா அதைச் சும்மா வைச்சுத் திருப்பேல்லை, கிராங்க் போல்ட்டில ஒரு பெரிய வோசரைப் போட்டு டூலை அச்சோட சேத்து மெதுவா இறுக்கிப்போட்டுத்தான் ஸ்பனரைப் போட்டார், அப்ப டூல் வழுக்கி கப்பின்ர பல்லைச் சாப்பிடாது. பாத்துக்கொண்டு நிண்ட எனக்கு அந்த ஒண்டே குடுத்த காசுக்கு பெறும்.

இறுக்கத்தின்ர அளவுக்கு அவரிட்ட டோர்க் ரெஞ்ச் இல்லை, கைதான். ஷிமானோ கார்ட்ரிட்ஜ் கப்புக்கு 50 தொடக்கம் 70 நியூட்டன் மீற்றர் எண்டு போடுறவை, மற்றக் கம்பெனியளுக்கு மாறும், பெட்டிக்குள்ள வாற தாளைப் பாருங்கோ. நான் விடாமல் நச்சரிச்சபடியா பக்கத்து மோட்டச்சைக்கிள் கராஜில இருந்து ஒண்டு வாங்கிவந்து பாத்தார். தாளில போட்ட அளவுக்கு வைச்சு இழுத்தா கொஞ்சம் அசைஞ்சு உடனயே டிக் எண்டது. என்னை ஒரு பார்வை பாத்தார், நான் றோட்டுப் பக்கம் பாத்தன்.

கடைசியா செயின் லைன், அதாவது முன் பல்லும் பின் பல்லும் ஒரே நேர்க்கோட்டில நிக்குதோ எண்டது. முன்னுக்கு பிரீவீல் பல்லில இருந்து பின் பல்லுக்கு தங்கூசியை இழுத்துக் கட்டி, அது பின் பல்லின்ர முகத்தில ஒட்டுதோ விலகுதோ எண்டு பாத்தார். ஒட்டினது. 68 குழாயில 128 அச்சு ரெண்டு பக்கமும் சமமா வந்ததா எண்டு அளந்து பாக்கச் சொன்னன், அதையும் செய்தவர், முணுமுணுத்துக்கொண்டு. ட்ரயல்ஸில செயின் கழண்டா முகம் அடிபட்டுத்தான் விழுறது எண்டு சொன்னாப் பிறகு முணுமுணுப்பு நிண்டிட்டு.

இனி அந்த ஒரு ஸ்டார். முதலாவது, நேரம். நாளைக்கு எண்டா நாளைக்கு இல்லை. போன் எடுக்கமாட்டார், கையெல்லாம் கிறீஸ். ரெண்டாவது, ட்ரயல்ஸுக்கு எண்டு வாற சாமான் அவரிட்ட ஒண்டும் இல்லை, ஐசிஸ் கிராங்கைக் கழட்டிற ஆயுதமும் இல்லை, சதுர அச்சுக்கு பாவிக்கிறதை வைச்சா அதின்ர நுனி சின்னன், அச்சு ஓட்டைக்குள்ளயே போயிடும், அதுக்கு ஏத்த தொப்பி ஒண்டு நீங்கள்தான் கொண்டுபோகோணும். மூண்டாவது, பில் கிடையாது. நாலாவது, புத்திமதி. சீற் இல்லாத சைக்கிளில எங்கட ஆக்கள் எப்பிடி சந்தைக்குப் போறது, கரியல் எங்க பூட்டுறது எண்டு வேலை முடியும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார், போட்டிச் சைக்கிள் எண்டு எத்தினை தரம் சொன்னாலும் விளங்காது, அல்லது விளங்கியும் பகிடிக்கு கேக்கிறாரோ தெரியாது.

அவரில பிழை இல்லாத, ஆனா நீங்கள் தெரிஞ்சிருக்க வேண்டிய ஒண்டும் இருக்கு. ஐசிஸ் எண்டது ரேஸ் பேஸ், ட்ருவாட்டிவ், கிறிஸ் கிங் மூண்டு கம்பெனியும் சேந்து கொண்டுவந்த அளவு, பத்து வரி வெட்டின மொத்த அச்சு. அச்சு நல்ல பலம், ஆனா குழாய் அளவு பழசுதானே, அச்சை மொத்தமாக்கினா போல்ஸுக்கு இடம் குறையும், போல்ஸ் சின்னனாப் போச்சுது, அதால கெதியா ஆட்டம் வரும். எவ்வளவு வடிவாப் பூட்டினாலும் அது நடக்கும். கொஞ்ச காலத்தில கிராங்கில ஆட்டம் வந்தா ஐயாவைப் போய்ப் பேசாதேங்கோ, கப் மரையில சிக்காமல் கழண்டு வந்தா அவர் தன்ர வேலையைச் செய்திட்டார் எண்டு அர்த்தம், புது கார்ட்ரிட்ஜ் மட்டும் வாங்கிப் போடலாம். வாங்கிறது இஞ்ச இல்லை, வெளியில இருந்து வாற ஆரையாவது பிடியுங்கோ.

கூலி 2500 ரூவா எடுத்தவர், மரை திருத்தினதுக்கும் சேத்து. ரவுணில மரையைக் கெடுத்ததுக்கு குடுத்ததையும் சேத்துப் பாத்தா எனக்கு வயிறு எரியுது, இவர் கேட்டது குறைவு எண்டுதான் சொல்லுவன். பண்ணைப் பக்கம் கடற்கரைக் கல்லுகளில கொண்டுபோய் நல்லா அடிச்சுப் பாத்தாச்சு, பின் சில்லில நிண்டு துள்ளியும், உயரத்தில இருந்து ரெண்டு சில்லும் ஒண்டா விழுத்தியும், ஒரு சத்தம் இல்லை. ரெண்டு கப்பிலயும் குழாயிலயும் சேத்து மாக்கரால ஒரு கோடு இழுத்து வைச்சனான், கோடு விலகேல்லை. நீங்களும் அப்பிடிக் கோடு ஒண்டு போட்டு வையுங்கோ, கப் நகந்தா சத்தம் வர முதலே தெரிஞ்சிடும்.

போறதெண்டா காலமை போங்கோ, பின்னேரம் பள்ளிக்கூடப் பொடியளின்ர ஒட்டுப்போடுற வேலை குவிஞ்சிடும். பெரிய ஓட்டை டூல், கிராங்க் கழட்டி, பெட்டிக்குள்ள வந்த தாள் மூண்டையும் மறக்காமல் கொண்டுபோங்கோ, காசு சில்லறையா வைச்சிருங்கோ. வெள்ளிக்கிழமை கடை பூட்டு, நல்லூர்த் திருவிழா இருபத்தைஞ்சு நாளும் அந்தப் பக்கமே போகாதேங்கோ.